ஏழாம் கேள்வி

பட்டப்பின் படிப்பு மாணவர் வீட்டுக்கான விண்ணப்பம்
மூன்று பக்கம்.
ஏழாம் கேள்வி: விவாகப் பதிவு இலக்கம்.
எங்களிடம் மற்ற எல்லாம் இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
புதன் காலை கம்பளைப் பதிவாளர் முன் நின்றோம்
விசேட அனுமதிக்கான காசை எண்ணியபடி.
சாட்சிக்கு ஆய்வுகூடத்து பியதிலக்க,
இன்னொன்றுக்குப் புள்ளிவிபரவியல் பாஹிமா.
பாதிப் பரீட்சை வினாத்தாளைத் திருத்தியபடியே
கையெழுத்துப் போட்டாள்,
அதே சிவப்புப் பேனையால்.
பதிவாளர் ஏசினார். நீலத்தால் மறுபடி.

மாலை இல்லை.
தயாநிதன் என் கையில் தந்தது
மண் மாதிரி எடுக்கும் பொலித்தீன் பையில்
சூடாக இரண்டு ரோல்ஸ்.
தாலி பிறகு, என்றேன்.
முதலில் திறப்பு.

காதலுக்காகக் கட்டினீர்களா என்றால்
ஆமென்பேன். பொய்யில்லை.
ஆனால் மூன்று வருடக் காதல் முழுவதும்
வாங்குகளில் நடந்தது.
என் விடுதி அறையில் நாலு பேர்.
அவனுடைய ஹந்தானை வாடகை அறைக்குப்
பெண்கள் படியேறக் கூடாது.
நூலகம் பூட்டியபின்
சரசவி உயன ஸ்டேஷன் வாங்கு,
கடைசி ரயிலுக்குக் காத்திருப்பவர்போல்
ஒருபோதும் ஏறாத இருவர்.
ஒரு கதவை உள்ளிருந்து தாழிட்டுவிட்டு
நாங்கள் சண்டை பிடித்ததே இல்லை.

அலுவலகத்தில் விஜேகோன் பட்டியலை வாசித்தார்.
மேசை இரண்டு.
கதிரை மூன்று, ஒன்றுக்குக் கால் சரியில்லை.
கட்டில் இரண்டு, ஒற்றை.
மணமானோர் விடுதியிலா, என்று கேட்டேன்.
அவர் நிமிரவே இல்லை:
இங்கே கையெழுத்து.
விண்ணப்பதாரர் என்ற கோட்டில் நான்,
துணை என்ற கோட்டில் அவன்.

அன்றிரவு கட்டில் கால்களைக்
கம்பியால் இறுக்கிக் கட்டினோம்.
நடுவே ஒரு பள்ளம், அப்படியேதான் இருக்கிறது.
அவனுடைய தலையணை வாரத்தில் இரண்டு தரம்
அதற்குள் விழும்.

களவேலை நாடாவை எடுத்து
சுவரிலிருந்து சுவருக்கு அளந்தேன்.
பதினெட்டுக்கு இருபத்திரண்டு, குசினி தனி.
நான் பிறந்த காம்பராவை
ஒருநாளும் அளந்ததில்லை.
அதன் அளவு தோட்டத்து ஆபீஸ் புத்தகத்தில் இருந்தது,
எங்கள் பேரும் அங்கேதான்.
பேர் இருக்கும்வரை கூரை.
இங்கே ஒப்பந்தத்தின் பதினோராம் விதி:
ஆணி அடிக்கக் கூடாது.
பதினான்காம் விதி:
ஆய்வு முடிந்தால், அல்லது முடியாவிட்டால்,
இரண்டு வருடத்தில் திறப்பைத் திருப்பித் தர வேண்டும்.

வாசித்துவிட்டுச் சிரித்தேன்.
ஏன் என்று தயாநிதன் கேட்டான்.
அவனுடைய அப்பாவுக்கு மட்டக்களப்பில் சொந்தக் காணி.
சொன்னேன். முழுதும் விளங்கவில்லை.
ஆனாலும் அன்று தேத்தண்ணி அவன்தான் ஊற்றினான்.

பக்கத்து வீட்டில் இஷார
இரவு இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டு
தன் ஆய்வின் நான்காம் அத்தியாயத்தை
மெதுவாகச் சொல்லிக்கொண்டு நடப்பான்.
சுவர் மெல்லியது.
பலபடிச் சேர்வைகள் பற்றி
எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும்.

நாலாம் மாதம் அப்பாவுக்குச் சொன்னேன்.
தொலைபேசியில்,
குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு.
நீண்ட நேரம் மூச்சு மட்டும்,
பின்னால் கொழுந்து லொறி பின்வாங்கும் சத்தம்.
யார் என்ன சாதி என்று கேட்பார்,
ஏன் மறைத்தாய் என்று கேட்பார்,
பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.

"வீடு யார் பேருல?"

என் பேருல, அப்பா.

மறுபடி மூச்சு.
லொறி போய்விட்டது.

"மழைக்கு ஒழுகுதா?"

நிமிர்ந்து பார்த்தேன்.
மூலையில் வைத்த வாளியில்
ஒரு சொட்டு விழப் பார்த்துத் தொங்கியது.
ஒரு பக்கம்தான், என்றேன்.

சரி, என்றார்.
எந்தப் பக்கம் என்று கேட்டார்.