கட்டில்கால்

காம்பியா ஆற்று ஃபெர்ரியில்
எஞ்சின் லேசாய்க் கமறினாலும்
மேல்தளத்திலிருந்தே கண்டுபிடிப்பான் சர்ஜோ.

என் பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்கப் போனவனை
வேண்டாமென்று திருப்பினார்கள்:
ஹெபடைடிஸ் பி.
ஆறு மாதத்துக்கொருமுறை வா என்று
கட்டம் போட்ட அட்டை ஒன்று.

"வலிக்கவே இல்லையே" என்றான்.
நான்காய் மடித்து
ஆடும் கட்டில்காலுக்கு முட்டுக் கொடுத்தான்.
ஒன்பது வருடம் கட்டில் ஆடவில்லை.

ஈரல் கமறாது. புகை கக்காது.
இந்த நோன்பு மாதத்தில்
ஒரு கரண்டிக் கஞ்சிக்கே வயிறு புடைத்து நின்றது.
ஸ்கேன் அறையில் டாக்டர் சீஸே
திரையை என் பக்கம் திருப்பவே இல்லை.

வந்ததும் கட்டிலைத் தூக்கி அட்டையை எடுத்தேன்.
முதல் கட்டத்தில் தேதி. மற்றதெல்லாம் வெள்ளை.

பின்பக்கத்தில்
என் பெயரும் மகன் பெயரும் எழுதியிருக்கிறேன்,
காலையில் போக.
இரவெல்லாம் ஆடுகிறது கட்டில்.