ஐந்தே காலுக்கு எழுப்பவும்

ஐந்தே காலுக்குக் கதவு தட்டுவது
மரியலூயிஸ் வேலை.
"சார், சூரியன் வருது."

அந்த நேரத்துச் சூரியனை
அவர் ரசித்ததில்லை.
கட்டுமரத்தில் எதிர்வெயில் கண்ணைக் குத்தும்;
கரையில் இருந்தவர்களோ
பாறைமறைவில் குந்தியிருந்தார்கள்,
கடலுக்கு முதுகு காட்டி.

"இருநூத்தேழாம் நம்பர் ரூமுக்கு நேர் கீழதாம் ஓய்
நம்ம வலை காஞ்சது" என்பார் டீக்கடையில்.
"வலையா? பீக்காடுல்லா கெடந்தது!"
மிக்கேலம்மாள் விடமாட்டாள்.
மூன்று தெருவுக்கு ஒரே கிணறு,
அதுவும் உப்பு.
இப்போது அவள் பாசிமாலை விற்கிறாள்,
இந்தியில் பேரம் பேசி.

இன்று மேகம்.
மொட்டைமாடியில் எண்பது பேர்,
லாட்ஜ் போர்வையோடு, முறைத்தபடி.
ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்.

மரியலூயிஸ்
தொப்பியைக் கழற்றி நிற்கிறார்,
தன் வீட்டுப் பிள்ளை
சொன்ன நேரத்துக்கு வராததுபோல.