உருளைக்கிழங்கு உரிக்கையில்

அமாரோவின் மார்பு
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
இயந்திரம்தான் ஊதுகிறதென்று
தோசிந்தாவிடம் மூன்று முறை சொல்லியாயிற்று.
கேட்டாள். தலையாட்டினாள்.
பிறகு போர்வையை
அவன் தோள்வரை இழுத்துவிட்டாள்,
குளிருமே என்று.

வெளியே அரோசா கழிமுகத்து மழை.
அவன் உள்ளங்கையில் இன்னும்
சிப்பிக் கயிறு அறுத்த தழும்புகள்.
நேற்று மாலை தெப்பத்தின் மேல் சரிந்தானாம்,
தலைக்குள் ஏதோ நாளம் வெடித்து.
கூட இருந்தவர்கள் முதலில்
வழுக்கிவிட்டான் என்று சிரித்திருக்கிறார்கள்.

அதிகாலை நான்கு மணிக்கு
நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு.
சம்பளமே அதற்குத்தான்.
நாற்காலியை அருகில் இழுத்து,
பேனாவைப் பைக்குள் மறைத்து,
கேட்டேன்:
"இதைப் பற்றி அவர் எப்போதாவது பேசியதுண்டா?"

அவளுக்கு எல்லாம் தெரியும்.
படகின் காப்பீட்டுத் தாள் எந்த டப்பாவில்,
மாற்றுச் சாவி எந்தத் தொட்டியின் அடியில்,
தம்பிக்குக் கொடுத்ததில் எவ்வளவு பாக்கி,
குளிர்ந்த தண்ணீருக்கு அவனுடைய எந்தப் பல் கூசும் என்பதுவரை.
இது மட்டும் தெரியாது.
முப்பத்தோரு வருடம்
ஒரே மேஜையில் சூப் குடித்தவர்கள்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம்"
என்றாள் அவனைப் பார்த்து.
அந்தக் கோபத்தில்தான் முதல்முறையாக
அவன் இறந்துவிட்டதை ஒப்புக்கொண்டாள்.

மகன் பிரைஸ் ஜன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னான்:
"அப்பா எதையாவது இரவல் கொடுத்துத்
திருப்பிக் கேட்டதுண்டா?
நம்முடைய ஏணி இப்போது
எந்த வீட்டில் இருக்கிறது, சொல்."
தோசிந்தா சிரித்துவிட்டாள்.
சிரிப்பு பாதியில் வேறொன்றாயிற்று.

சிறுநீரகம், சரி.
ஈரல், சரி.
இதயம் என்றபோது
மூவரும் கொஞ்ச நேரம் மழையைக் கேட்டோம். சரி.
கண் வேண்டாம் என்றாள்.
"அங்கே என்னை எப்படி அடையாளம் காண்பான்?"

அதற்கு என்னிடம் பயிற்சியில் சொல்லித் தந்த பதில் இருந்தது.
சொல்லவில்லை.
'கண் இல்லை' என்று எழுதினேன்.
யாரோ இருவர் இன்னும் சில மாதம்
பனிமூட்டத்துக்குள் காத்திருப்பார்கள்.
அதையும் சொல்லவில்லை.

பெட்டிகள் புறப்பட்டுப் போயின.
எந்த ஊருக்கென்று நான் சொல்லக் கூடாது.

வீடு திரும்பியபோது மதியம்.
உர்பானோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.
நனைந்த மேலங்கியைக் கழற்றாமலே கேட்டேன்.
கத்தி நிற்கவில்லை.
"எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும்.
வலது முட்டி மட்டும் வேண்டாம்,
வாங்கினவன் சபிப்பான்."
பிறகு நிமிர்ந்து,
"உனக்கு?"

பதினான்கு வருடம்.
எத்தனை வீட்டாரிடம் கேட்டிருப்பேன்.
என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.
பதில் தயாராக இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து
கண்ணில் நின்றேன்,
தோசிந்தா நின்ற அதே இடத்தில்.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது.
அவன் தீயைக் குறைத்துவிட்டு
எதிரில் வந்து உட்கார்ந்தான்.