இரண்டே முக்கால் குதிரை

எலாதியோ உள்ளே வந்தபோது
மழையும் கூடவே வந்தது.
தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
ஒரு கோப்பு நனைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.
அரோசா கழிமுகத்தில் மூன்று சிப்பித் தெப்பங்கள் அவருக்கு.
எஞ்சின் செத்துவிட்டது என்றார்.
பழுது என்று சொல்லவில்லை,
செத்துவிட்டது என்றே சொன்னார்.

புதிதாக வாங்கியது பாஸ்டனில் ஓடிய பழையது.
அதன் நெற்றித் தகட்டில் இருநூறு குதிரை.
படகின் உரிமத்திலும் இருநூறு குதிரை.
"இருநூறும் இருநூறும் ஒன்றுதானே,
முத்திரையைக் குத்து உஷியா,
ஓதம் இறங்குகிறது."

கணிப்பானைத் திறந்தேன்.
இணையத்தில் இலவசம்;
ஓரத்தில் முடி வளர எண்ணெய் விற்கும்.
இடப்பக்கம் ஒரு கட்டம், வலப்பக்கம் ஒரு கட்டம்,
நடுவே தராசு முள்போலச் சமக்குறி.
பட்டியலைத் தட்டினால்
குதிரைகளே ஐந்து வகை.

விரல் தவறிக்
கொதிகலன் குதிரையைத் தொட்டுவிட்டேன்.
இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு
என்றது திரை.
"அதையே எழுது" என்றார் எலாதியோ,
"தெப்பத்தோடு சேர்த்து
அட்லாண்டிக்கையும் கரைக்கு இழுத்து வருகிறேன்."

சரியான குதிரையைத் தேடிப் பிடித்தேன்.
இருநூறு, அவர்கள் கணக்கில்.
இருநூற்றிரண்டே முக்கால், நம் கணக்கில்.
முக்காலுக்கு மேலும் ஒரு துளி.
பாஸ்டன் குதிரை நம்முடையதைவிடப்
பத்து வாட் கொழுத்தது.

அவர் திரையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார். மறுபடி திரையை.
மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவார்கள்;
இவர் ஆவிக்குதிரையை நம்பிக்
கடலில் இறங்கி நாற்பது வருடம்.
ஒருமுறைகூட யாரும்
குதிரையை நிறுத்துக் காட்டச் சொன்னதில்லை.

"அந்த மீதி இருக்கிறதே,
அது எத்தனை ஆள்?"

கேள்வி நியாயமானது.
நாள்முழுக்கக் கயிறிழுக்கும் ஒருவனுக்கு
எழுபத்தைந்து வாட் என்று
எங்கோ படித்த ஞாபகம்.
தட்டினேன், வகுத்தேன்.
இருபத்தேழு பேர்.

"இருபத்தேழு பேரா!" என்று எழுந்துவிட்டார்.
"என் படகில் நாலு பேர் நின்றாலே
ஒருவன் முழங்கை இன்னொருவன் விலாவில்.
இவர்களுக்குச் சோறு யார் போடுவது?"
பிறகு குரலைத் தாழ்த்தி,
"அப்போது நான்?"
அவரை மட்டும் போட்டுப் பார்த்தேன்.
குதிரையில் பத்தில் ஒன்று.
"கால்கூட முழுசாக இல்லை" என்றார்.
அவமானப்பட்டாரா, ஆறுதலடைந்தாரா,
மழைக்கோட்டு மறைத்துவிட்டது.

முத்திரை குத்தவில்லை.
என் விண்ணப்பத்தில் தசமப் புள்ளிக்கு இடமில்லை,
ஆனால் புள்ளி இல்லாவிட்டாலும்
இருநூற்றிரண்டு இருநூறு ஆகாது.
மெக்கானிக் ப்ராய்லான் வியாழக்கிழமை வந்து
எரிபொருள் திருகைச் சற்றே பின்னுக்குத் திருப்பி
ஈயமுத்திரை வைப்பான்;
புதுத் தகட்டில் நூற்று நாற்பத்தேழு கிலோவாட்.
குதிரை என்ற சொல்லே இருக்காது.

"வியாழன்வரை?"
"வியாழன்வரை
மைத்துனர் படகில் போங்கள்."
"அவனோடா?" என்றார்.
முதல் கேள்விகளைவிட
இதற்குத்தான் எந்தக் கட்டத்திலும் விடையில்லை.
தொப்பியைப் பிழிந்து போட்டுக்கொண்டு போனார்.

அலுவலகம் காலி.
பக்கத்தை மூட மனமில்லை.
என் வெந்நீர்க் கெண்டியைப் போட்டேன்: மூன்று குதிரை, குறையாக.
விட்டத்து விளக்கு: ஒரு வால்நுனி.
மேசைக்கடியில் சூடேற்றி, ஆயிரத்து ஐந்நூறு வாட்.
இரண்டு குதிரை, கொசுறாகக் கொஞ்சம்.

காலையிலிருந்து
என் ஈரச் செருப்பருகே
இரண்டு குதிரைகள் படுத்திருந்திருக்கின்றன.
கணுக்காலில் அவற்றின் மூச்சு.
தெரிந்ததும் காலைச் சற்று
நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்குச் செருகியைப் பிடுங்கினேன்.
எழுந்து போன சத்தமே கேட்கவில்லை.
கம்பிச் சுருள் மட்டும்
சிவப்பிலிருந்து கறுப்புக்கு வர
கொஞ்ச நேரம் எடுத்தது.