எட்டாவது ராடு

ஹெட்டைத் தூக்கியதும் தெரிந்துவிட்டது,
எனக்கு முன்பே யாரோ இங்கே வந்து போயிருக்கிறார்கள்.
கேஸ்கட் ஓரத்தில் சிவப்பு பெயிண்ட் தீற்றல்.
கம்பெனி இப்படிப் பூசாது.

கார் கொலுசுப் பட்டறை ஞானவடிவேலுவுடையது.
ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்து ஷெட்டில்
மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றிருந்த
அறுபத்தெட்டாம் வருஷத்து அமெரிக்க வண்டி.
எட்டு சிலிண்டர். பானட்டின் நீளத்துக்கு
சூரமங்கலம் கடையின் ஷட்டர் இறங்கவில்லை.
மூன்று வாரம் அதன் மூக்கு தெருவில் நனைந்தது.

"உள்ளே என்னென்ன இருக்குன்னு எழுதிக் குடு மெட்டில்டா.
ஒரிஜினல் எது, ஒட்டு எது."
டச் பார்க்காமல் ஒரு குன்றிமணி வெள்ளி வாங்காத மனிதர்.

எழுதினேன்.
பிஸ்டன் தலையில் முப்பது: துளையை ஒருமுறை பெரிதாக்கியிருக்கிறார்கள்.
மெயின் பேரிங் முதுகில் பத்து: கிராங்க் ஒருமுறை சாணை கண்டிருக்கிறது.
கேம்ஷாஃப்டில் எண் இல்லை,
இருந்ததை அரம் போட்டு அழித்திருக்கிறார்கள்.
அழித்தவனுக்கு வெட்கமோ, வியாபாரமோ.
டயல் கேஜ் வைத்து லோபின் உயரம் பார்த்தேன்.
புத்தகம் சொல்வதைவிட அறுபது தவ் கூடுதல்.
தோட்டத்துச் சம்பளப் பெட்டியை ஏற்றி இறக்கும் வண்டிக்கு
இந்தத் துள்ளல் எதற்கு?
மலை மேலே யாரோ ஒருத்தன், இல்லை ஒருத்தி,
ராத்திரிகளில் பந்தயம் விட்டிருக்க வேண்டும்.
யாரை எதிர்த்து என்று எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.

பிறகு ராடுகள்.
ஒன்று முதல் ஏழு வரை கம்பெனிக் குத்து.
டாஷ்போர்டுப் பக்கம், கடைசித் துளையில் இருந்தது மட்டும்
இரும்பே வேறு நிறம்.
தொப்பியிலும் தண்டிலும் உளியால் வெட்டிய
ஒரே எழுத்து: அ.

"ஓனர் இனிஷியல்க்கா" என்றான் இன்பராஜ்.
ஞானவடிவேலு எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.
"டச் தெரியாத சரக்கு. தூக்கிப் போடு.
அமெரிக்காவிலேர்ந்தே வரவழைச்சிடறேன்."

போடுமுன் எடை பார்க்கலாம் என்றேன்.
என்னிடம் இருப்பது கிலோ பேசும் தராசு.
செவ்வாய்ப்பேட்டையில், அவர் பட்டறையில்,
சலங்கை முத்துகளை ஒதுக்கிவிட்டு
எட்டையும் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினோம்.
கம்பெனி பிறப்புகள் ஏழும்
நாலு கிராம் வரை முன்னே பின்னே நின்றன.
எட்டாவது அவற்றின் நட்டநடுவில்.
பெரிய கண்ணைத் தனியாக, சின்னக் கண்ணைத் தனியாகத்
தொங்கவிட்டுப் பார்த்தும் அப்படித்தான்.
அடிவிளிம்பில் அரத்தின் கோடுகள்,
கொஞ்சம் எடுத்து, நிறுத்து, மறுபடி கொஞ்சம் எடுத்து.

ஞானவடிவேலு தராசைத் தட்டிப் பார்த்தார்.

மறுநாள் மொபெட் சிலிண்டர் போருக்கு வந்த பத்திர எழுத்தர்
பெஞ்சில் கிடந்ததைக் குனிந்து படித்தார்.
"இது அகரம் இல்லம்மா. எட்டு.
பழைய பத்திரத்துல தமிழ்ல இப்படித்தான் போடுவாங்க."

அப்படியானால் யாரென்று அவன் சொல்லவே இல்லை.
எத்தனையாவது என்று மட்டும்
சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அதையே மாட்டினேன். பேரிங் இடைவெளி இரண்டு தவ்.
படிவத்தில்: "எட்டு. செய்தவர் தெரியவில்லை.
குறையும் தெரியவில்லை."
ஞானவடிவேலு அதில் கையெழுத்துப் போடவில்லை.
பணம் மட்டும் கொடுத்தனுப்பினார்.

மலையில் ஏற்றிப் பார்த்தோம்.
பதினான்காவது கொண்டை ஊசியில் கொதித்தது.
ராடு காரணமில்லை, பழைய ஹோஸ்.
பானட்டில் தாவிய குரங்கு
சூடு பட்டு எங்களைத் திட்டிவிட்டுப் போனது.

இன்னொன்றும் இருக்கிறது.
ஆயில் சம்ப்பின் அடி வண்டலில் கிடைத்தது,
சுண்டுவிரல் நகமளவு பித்தளை வளையம், ஒரு பக்கம் அறுந்தது.
எதிலிருந்தும் குறையவில்லை. எதிலும் பொருந்தவில்லை.
காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
கடைக்கு வருகிற மெக்கானிக் ஒவ்வொருவரும்
கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து,
ஒரு பெயர் சொல்கிறார்கள்.