தண்ணீருக்கான கட்டம்

துலூத்தில் ஜனவரி.
துறைமுகம் உறைந்து மூன்று வாரம்.
கார்க் கொட்டகைக்கு மேலிருக்கும் அறையில்
ஹீட்டர் இருமிக்கொண்டே எரிகிறது.
மடக்கு மேசையில் பென்சில்கள், பகடைகள்,
ஒரு கிண்ணம் உப்பில்லாத பாப்கார்ன்.

பகலில் நகராட்சியில்
குழாய்த் தண்ணீருக்கு ரசீது போடுகிறவள் நான்.
சனிக்கிழமை இரவுகளில்
ஒரு பாலைவனத்துக்கே தெய்வம்.

சொன்னேன்:
இங்கே ஒரு நாளுக்கு இரண்டு நண்பகல்.
கடல் கிடந்த இடத்தில் உப்புப் பாளம்,
மிதித்தால் கண்ணாடி நொறுங்கும் சத்தம்.
மரம் என்பது கதைகளில் மட்டும்.
மரப்பிடி போட்ட கத்தி ஒன்று
ஏழு தலைமுறைச் சொத்து.
ஆளுக்கு மூன்று பாத்திரம் எழுதுங்கள்,
முதல் ஆள் இரண்டாம் வாரம் தாண்ட மாட்டான்.

பகடைகள் உருண்டன.
நான்கு உருட்டி, சின்னதைக் கழித்து,
மிச்சத்தைக் கூட்டு.

பனி அள்ளும் லாரி ஓட்டும் ஆர்லிஸுக்கு
வலிமை பதினேழு.
எருமை உயர வெட்டுக்கிளிகளை மேய்க்கிறவள்,
பல் துலக்காதவள் என்று எழுதினாள்.
மைக்காவின் மந்திரவாதி
ஒவ்வொரு மந்திரத்துக்கும்
தன் உடம்பிலிருந்தே ஒரு குவளை ஈரம் கட்டுகிறவன்.
வேய்னோ வெகுநேரம் பென்சிலைக் கடித்தான்.
பிறகு எழுதினான்: திருடன்.
என்ன திருடுவான்?
கதவு.
மரம் இல்லாத ஊரில் கதவைத் திருடினால்
ராஜாவாகிவிடலாமே என்றான்.
சிரித்து அடங்க நேரமானது.

ஹால்வர் சிரிக்கும்போது
இடது கையை மேசையில் படாமல் தூக்கிக்கொள்கிறார்.
முழங்கைக்குக் கீழே இன்றைய கட்டு.
செவ்வாய், வியாழன், சனி,
நான்கு மணிநேரம்
ஒரு இயந்திரம் அவர் ரத்தத்தை வாங்கிக் கழுவித் தருகிறது.
மீதி நாட்களில் அளவு:
சூப், காப்பி, மாத்திரை விழுங்கும் மடக்கு,
எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்.

அவருக்கு விழுந்ததெல்லாம் சிறிய எண்கள்.
வலிமை ஏழு. தாங்குதிறன் ஐந்து.
மறுபடி உருட்டுங்கள் என்றேன்.
"வேண்டாம், இதான் சரி."
ஸேத்தா, வயது அறுபத்திரண்டு,
வணிகக் கூட்டத்தின் நீர் அளப்பவள்,
கையில் நெளிந்த பித்தளைக் குவளை.

நான் விதியை வாசித்தேன்:
ஒரு நாள் தண்ணீர் இல்லையென்றால்
வலிமையில் இரண்டு குறையும்.

"தப்பு" என்றார்.
"முதல்ல போறது மரியாதை.
அடுத்த அறையில ஒருத்தன் முழுங்குற சத்தம்
இங்க கேக்கும்.
அவனப் பிடிக்காமப் போயிடும்,
பெத்த மகனா இருந்தாலும்.
அப்புறம் கனவு.
ஏரியெல்லாம் வராது, அந்த அளவுக்கு யாருக்கு ஆசை?
சொட்டுற குழாய்தான் வரும்.
ஐஸ் துண்டு நாக்குக்கடியில வச்சா பதினோரு நிமிஷம்.
கடிச்சா நாலு."

ஆர்லிஸ் சோடா டப்பாவை
மெதுவாக மேசைக்கு அடியில் இறக்கினாள்.
"ஏய், குடி.
ஒளிச்சா இன்னும் சத்தமா கேக்குது."

விதியை அடித்துவிட்டு எழுதினேன்:
முதல் நாள், மரியாதை.
இரண்டாம் நாள், காது.
வலிமையைக் கடைசிக்குத் தள்ளினேன்.

மற்ற இரண்டு ஆட்கள் எங்கே
என்று கேட்டது மைக்கா.
கேட்ட பிறகு பாப்கார்னைப் பார்த்தான்.
"செத்தா எழுதிக்கலாம்.
பென்சில் ஓடியா போகப்போவுது?"

ஆரம்பித்தோம்.
உப்புப் பாளத்தில் முதல் நண்பகல்.
கொள்ளையர் ஆறு பேர்,
மைக்கா இரண்டு மந்திரம் போட்டான்,
ஆர்லிஸின் வெட்டுக்கிளி ஒருவனைத் தின்றது,
வேய்னோ சண்டைக்கு நடுவில்
அவர்கள் வண்டியின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
எல்லாம் முடிந்தபோது
மந்திரவாதியின் உதடு வெடித்து, பேச்சு குழறி,
அவன் கட்டத்தில் பூஜ்யம்.

எல்லோருக்கும் மூவாயிரம் மில்லி கொடுத்திருந்தேன்.
ஹால்வரின் தாளை அப்போதுதான் பார்த்தேன்:
மூன்றை அழித்து ஒன்றாக்கியிருந்தார்,
என்னைக் கேட்காமல்.

"ஸேத்தா முந்நூறு அளந்து கொடுக்குறா.
அவன் நன்றி சொல்ல வேண்டாம், சொல்ல வராது.
எழுதிக்கோ."

ரப்பர் தேய்த்து எழுதினேன்.
எழுநூறு.

வெளியே எங்கோ
இன்னொருத்தர் ஓட்டும் பனி லாரி
தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.
ஹால்வர் பிளாஸ்கைத் திறந்து
ஒரே ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில் போட்டார்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"ம், அடுத்து யாரு?"