நாலு பத்து

தூரின் நகரில், கம்பளி சுற்றி ஏற்றினோம் அணுக்கடிகாரத்தை.
ஓட்டுவது மட்டும் என் வேலை.
குலுங்கக் கூடாது, சூடேறக் கூடாது;
மற்றது இரண்டு பேராசிரியர்கள் பாடு.

சூசா பள்ளத்தாக்கில் மூடுபனி.
"புசொலேனோவைத் தாண்டிவிட்டோம்,
அதற்காக அந்த ஊர் இல்லாமல் போய்விட்டதா?
நேற்றும் அப்படித்தான். நாளையும்
அடுத்த வளைவில் விளக்கேற்றி இருக்கிறது.
ஓடுவது நாம்தான், அதுகூட இல்லை,
ஓடுவதாக ஒரு நினைப்பு"
என்றாள் ஓர்த்தென்சியா.

ருஜ்ஜேரோ சிரித்தார்.
"அண்டம் முழுவதற்கும் ஒரே இப்போது.
அதைப் பிடிக்க நீட்டும் கோல் சுருங்குகிறது,
கடிகாரம் தளர்கிறது,
அதனால் அகப்படுவதில்லை."

"அகப்படாததை எதற்கு வைத்திருக்கிறீர்?"

"உன் நாளையை நீ பார்த்தாயோ?"

இருபது வருடமாக இதே சண்டை.
சுங்கச்சாவடியில் சில்லறை தேடும்போதும்.

ஆயிரம் மீட்டர் ஏற்றம்.
பனிச்சறுக்குக் கிடங்கில் இறக்கினோம்.
அங்கே கடிகாரம்
நாளுக்கு, நொடியின் நூறு கோடியில் ஒன்பது பங்கு
முந்தி ஓடியது.
இருவர் தாளிலும் ஒரே எண்,
கடைசி இலக்கம் வரை.
பிறகு எதற்கப்பா சண்டை என்று நினைத்தேன்,
கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் தொலைபேசி.
ருஜ்ஜேரோவின் அண்ணன் எவாசியோ, காசாலே மருத்துவமனையில்,
சரியாக நாலு பத்துக்கு.

"நாலு பத்துக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?"

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்,
ஏதோ வேடிக்கை சொல்லியபடி.
எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.
தோல் இன்னும் மேசைமேல் சுருண்டு கிடந்தது.

கடிகாரத்தை அங்கேயே விட்டுவிட்டு
வண்டியில் ஏறினோம்.
"சீக்கிரம், தாமதமாகிறது" என்றாள் ஓர்த்தென்சியா.
தாமதம் என்ற சொல்லை
அவள் வாயில் அன்றுதான் கேட்டேன்.

"அவசரமில்லை" என்றார் அவர்.
"பிளம் மரத்தில் ஏணிமேல் நிற்கிறான் எவாசியோ.
எனக்கு ஆறு வயது.
சட்டையை ஏந்திப் பிடித்திருக்கிறேன்."

நின்றான் என்று சொல்லவில்லை.

சாவியைத் திருப்பினேன்.
வண்டியின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியது;
எத்தனை முறை திருத்தினாலும் அப்படித்தான்.
உலகின் மிகத் துல்லியமான பெட்டியைச் சுமந்த வண்டி,
அது எங்களுக்குள் ஒரு கேலி.

பச்சை எழுத்தில் எரிந்தது: நாலு ஒன்பது.

மூவரும் பார்த்தோம்.
யாரும் திருத்தக் கை நீட்டவில்லை.

அந்த ஒரு நிமிடத்தை
முதல் கியரிலேயே ஓட்டினேன்.